டெல்டாவில் பெண்களுக்கான கணினி வகுப்பு: முடித்தவர்களுக்கு வேலை ஏன் கிடைப்பதில்லை?

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் வட்டத்தில் ஒரு சிற்றூரில், மகளிர் குழுக் கட்டடத்தின் பக்கத்து அறையில், மூன்று ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கணினி வகுப்பு நடத்தி வருகிறேன். நான்கு பழைய கணினிகளும், ஓர் அச்சுப்பொறியும், மின்சாரம் நின்றால் இருபது நிமிடம் தாங்கும் ஒரு யு.பி.எஸ்.ஸும்தான் எங்கள் மொத்தச் சொத்து. வருகிறவர்களில் பெரும்பாலோர் வயல்வேலைக்குப் போகும் குடும்பத்தினர். எட்டாம் வகுப்போடு நின்றவர்களும் உண்டு, பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களும் உண்டு. கணவனை இழந்தவர்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களுமாக ஒவ்வோர் அணியிலும் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள்.

இதுவரை 37 பேர் முழுமையாக முடித்திருக்கிறார்கள். கற்றதைக் கொண்டு இன்று சம்பளம் வாங்குகிறவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் ஜெராக்ஸ் கடையிலும், ஒருவர் மருத்துவமனை வரவேற்பிலும், ஒருவர் பள்ளி அலுவலகத்திலும், ஒருவர் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலும் இருக்கிறார்கள். இந்த ஐந்து பேரை நினைத்துப் பெருமைப்படுவதா, மீதி 32 பேரை நினைத்து வகுப்பை மூடிவிடுவதா என்று தெரியாமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நடவு இயந்திரமும் கதிர் அறுக்கும் இயந்திரமும் வந்த பிறகு, குறுவைக்கும் சம்பாவுக்கும் இங்கே பெண்களுக்குக் கிடைத்து வந்த வேலை நாட்கள் எப்படிச் சுருங்கின என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. களை எடுப்பும், இயந்திரம் இறங்காத சேற்று வயலும்தான் மிச்சம். வகுப்பில் சேரும்போது எதற்காகக் கற்க வருகிறீர்கள் என்று கேட்டால், பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “நிழல்ல உட்கார்ந்து செய்யிற வேலை வேணும் டீச்சர்.”

நான் கற்பிப்பது வழக்கமான பாடத்திட்டம்தான்: பெயிண்ட், வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், இணையம், மின்னஞ்சல். இந்தப் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் எந்த அலுவலகமும் இதுவரை பவர்பாயிண்ட் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டதில்லை. என் பாடத்திட்டத்தில் என்ன குறை, அல்லது குறை வேறெங்கோ இருக்கிறதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குடந்தைத் தட்டச்சு:

சகோதரி, கும்பகோணத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் தமிழ்த் தட்டச்சு இல்லை. இந்தப் பகுதியில் கணினியின் முன் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை தமிழில் நடப்பவை. வழக்கறிஞர் அலுவலகத்தில் மனு, பத்திர எழுத்தரிடம் கிரய ஆவணம், அச்சகத்தில் திருமண அழைப்பிதழ், ஊராட்சியில் தீர்மானம் என எதுவாக இருந்தாலும், விசைப்பலகையைப் பார்க்காமல் தமிழ் அடிக்கத் தெரிந்த பெண்ணைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் ஆள் கேட்டு வருகிறவர்களுக்கு அனுப்ப ஆள் இல்லாமல் நான் கைவிரிக்கும் மாதங்கள் உண்டு.

தமிழ் விசைப்பலகை விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் பழைய இயந்திர விசைமுறை ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 மற்றொன்று. இதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் வருவதால், புதிதாகக் கற்பவருக்கு எளிது. அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. அரசு அலுவலகங்களின் பழைய கோப்புகள் வானவில் அவ்வையார் என்ற எழுத்துருவில் கிடக்கின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையை 2010-இல் அரசு ஏற்ற பிறகும் இந்த நிலை முழுதாக மாறவில்லை. ஒரு முறையைக் கற்றுக்கொண்ட பெண், வேலைக்குப் போன இடத்தில் வேறொன்றைக் கண்டு மிரண்டு திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றில் கை நன்றாகப் பழகிவிட்டால் மற்றொன்றுக்கு மாற ஒரு மாதம் போதும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது தேர்வாணைய வேலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தால் போதும். ஆங்கிலத்துக்கு இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45 சொல். இதனுடன் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் தேவை. சி.ஓ.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தகுதிகாண் பருவத்துக்குள் பெற்றுவிட வேண்டும்.

உங்கள் வகுப்பில் கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும், அதற்குள் ஆதரவற்ற விதவையருக்கு 10 சதவீதமும் உண்டு. குரூப் 4-இன் தட்டச்சர் பணிக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் அவர்களுக்கு வயது உச்சவரம்பே கிடையாது. ஆனால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பெற்ற ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கணவன் விட்டுச் சென்ற பெண்களுக்கும், மணமுறிவு பெற்றவர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது என்பது கசப்பான செய்திதான். ஆயினும் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் வீணாக அலைவார்கள்.

கடைமடை:

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் குரூப் 4 தேர்வைப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்று, நாற்பது வயதில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதைக் காட்டுவது, கடைமடைக்காரனிடம் மேட்டூர் நீர்மட்டத்தைப் படித்துக் காட்டுவது போன்றது. அணை நிரம்பினாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் நாள் வேறு.

நான் வேதாரண்யம் பக்கம். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு இங்கே பலவகைப் பயிற்சிகளை நடத்தினார்கள். 2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டமும் எங்கள் ஊருக்கு வந்தது. இருபது மணி நேரப் பயிற்சி, குடும்பத்துக்கு ஒருவர், முடிவில் ஒரு தேர்வு என்பது விதி. எங்கள் ஊரில் அதை நடத்திய மையத்துக்காரர் ஆதார் எண்ணை வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் எல்லோரையும் வரவழைத்துக் கைரேகை வைக்கச் சொல்லி, தேர்வையும் தாமே எழுதி முடித்தார். என் அத்தையிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். மவுஸை அவர் இதுவரை தொட்டதில்லை.

எனவே பாடத்திட்டத்தைப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் 37 பேரில் எத்தனை பேருக்குச் சொந்தக் கைபேசியும், தம் பெயரில் சிம் கார்டும் இருக்கின்றன?

வெண்ணாற்றங்கரை:

கடைமடை அண்ணா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனெனில் இரண்டாம் ஆண்டு வரை நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்டபோது, அந்த அணியில் இருந்த 13 பேரில் தம் பெயரில் சிம் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்களின் எண்கள் கணவன், மகன், கொழுந்தன் பெயர்களில் இருந்தன. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) இந்திய அளவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம் என்று படித்தபோது அது ஏதோ வடநாட்டுச் செய்தி என்று நினைத்திருந்தேன்.

இதனால் விளைந்த ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், பி.காம். முடித்தவர், விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய, தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவை ஒரு இணைய மையத்தில் செய்திருந்தார். மின்னஞ்சல் முகவரியை அங்கே வேலை செய்த பையன் உருவாக்கி, மீட்பு எண்ணாகத் தன் எண்ணையே கொடுத்துவிட்டான். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மையம் மூடப்பட்டது, பையன் வெளிநாடு போய்விட்டான். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, கதவு பூட்டிய அந்தக் கடையின் முன் அவர் நின்றுகொண்டிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். அவருக்கு எக்செல் நன்றாகவே தெரியும்.

அன்றிலிருந்து முதல் வாரத்தில் கணினியைத் தொடுவதில்லை. தன் பெயரில் சிம், தானே உருவாக்கிய மின்னஞ்சல், தானே நினைவில் வைத்த கடவுச்சொல், ஓடிபியை யாரிடமும் சொல்லாத பழக்கம் ஆகியவைதான் முதல் வாரப் பாடம். இரண்டு வீடுகளில் இதனால் சண்டை வந்தது. “எதுக்கு உனக்குத் தனி நம்பர்” என்று கேட்ட மாமியாரிடம், குழுக் கடன் செய்தி இனி அதில்தான் வரும் என்று சொல்லிச் சமாளித்தோம். அது முழுப்பொய்யும் அல்ல.

ஐயாறன்:

நான் திருவையாற்றில் பிறந்து சென்னையில் மென்பொருள் துறையில் இருப்பவன். மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் பத்து ஆண்டு பின்னால் நின்று பேசுவது போல் எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் 55,000 சதுர அடியில் டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தாயிற்று. திருச்சி நவல்பட்டில் அதுபோல் எல்காட் பூங்கா இருக்கிறது. படங்களுக்குக் குறியிடுதல், தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குதல், செயற்கை நுண்ணறிவுக்கான தரவுகளைச் சரிபார்த்தல் என வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணிகள் உலகம் முழுவதும் உள்ளன. தட்டச்சை இனிக் குரலே செய்துவிடும். இந்தப் பெண்களை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவதை ஏன் இலக்காகக் கொள்ள வேண்டும்?

குடந்தைத் தட்டச்சு:

தம்பி, குரல் அடித்துக் கொடுத்த ஒரு கிரயப் பத்திரத்தைச் சென்ற மாதம் திருத்தினேன். ‘கிழபுறம்’ என்று வந்திருந்தது. கீழ்ப்புறம் யாருடைய நிலம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்மையிலேயே கிழவர் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. குரல் அடிக்கட்டும், மகிழ்ச்சிதான். அடித்ததைப் படித்துப் பிழை பிடிக்க ஒருவர் வேண்டும், அதற்கும் தமிழ் தெரிந்த கைதான் வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:

ஐயாறன் தம்பிக்கு: டைடல் பூங்காவைப் பற்றி எனக்கும் ஆசை உண்டு. என் வகுப்பில் பட்டம் பெற்ற இரு பெண்களை அங்கே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து மேலவஸ்தாசாவடிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், மாலை ஆறரைக்குப் பிறகு எங்கள் பக்கம் வரும் நகரப் பேருந்து கிடையாது. பணிநேரம் இரவு எட்டு வரை என்றால் அந்த வேலை அவர்களுக்கு இல்லை என்றே பொருள். 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால்தான் என் வகுப்பே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் நாத்தனார் இதே இடத்தில் தொடங்கிய தையல் வகுப்பு, போகவர ஆகும் சில்லறை இல்லாமல் மூன்றாம் வாரத்தில் கலைந்தது.

வீட்டிலிருந்து வேலை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. சென்ற ஆண்டு என் மாணவியர் இருவர் கைபேசி விளம்பரம் ஒன்றைப் பார்த்து, “டேட்டா என்ட்ரி” வேலைக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். படிக்கவே முடியாத அளவுக்கு மங்கலான பக்கங்கள் வந்தன; ஏழு நாளில் பிழையின்றி அடித்து அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. அனுப்பியபின், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 48,000 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு என்று வழக்கறிஞர் பெயரில் ஓர் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒருத்தி நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். நல்லவேளை, போகும் வழியில் என்னிடம் சொன்னாள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம். பணம் திரும்பவில்லை, மிரட்டல் நின்றது. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை என்பதை இப்போது பலகையில் எழுதியே வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் தரவுப் பணியை உங்கள் நிறுவனமோ நண்பர்களோ, முன்பணம் கேட்காமல், முறையான ஒப்பந்தத்தோடு தர முன்வந்தால் நான்கு கணினிகளும் தயார். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

பணித்தளம்:

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பெண்களுக்கு டிஜிட்டல் திறன் இல்லை, கற்றுத்தர வேண்டும் என்று இந்த இழையில் எல்லோரும் எழுதுகிறீர்கள். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவு செயலியில்தான் நடக்கிறது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டிலும் ஆட்கள் தெரிய வேண்டும், அது இடக்குறிப்போடு ஏற வேண்டும். வாய்க்கால் தூர்வாரும் இடத்தில் சிக்னல் இருக்காது; கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, படம் ஏறும் இடத்தைத் தேடுவேன். ஏறவில்லை என்றால் அத்தனை பேரின் கூலியும் என் தலையில். கைபேசி என்னுடையது, டேட்டாவும் என்னுடையது.

என் தங்கை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து அவளும் செயலியில்தான் பதிகிறாள். இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்தியவர்களும் வருகையைச் செயலியிலேயே பதிந்தார்கள். ஒரு ஒன்றியத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் இருப்போம். எங்கள் வேலைக்குப் பெயர் பொறுப்பாளர், தன்னார்வலர், கிடைப்பது ஊக்கத்தொகை. இதே வேலையை ஒரு தனியார் நிறுவனத்தில் செய்தால் களத் தரவு அலுவலர் என்று பெயர் வைத்துச் சம்பளம் தருவார்கள்.

எனவே அக்கா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி வேலை பார்த்தவர்கள் வகுப்புக்கு வந்தால், ‘இது மவுஸ்’ என்று தொடங்காதீர்கள். அவர்கள் செய்துவந்த வேலையை ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பாக எழுதக் கற்றுக்கொடுங்கள். எத்தனை ஆண்டு, எந்தச் செயலி, நாளொன்றுக்கு எத்தனை பதிவு என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும். எனக்கு அப்படி எழுதத் தெரிந்திருந்தால் இரண்டு வருடம் முன்பே ஒரு கண் மருத்துவமனை முகாம் வேலைக்குப் போயிருப்பேன். நேர்முகத்தில் என்ன தெரியும் என்று கேட்டபோது, ஒன்றும் தெரியாது, பத்தாவது வரை படித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேவை மையம், பாபநாசம் வட்டம்:

மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு, எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன், மூன்றாவது ஆள் தேடுகிறேன். அனைவருக்கும் இ-சேவை திட்டத்தில் ஊரகப் பகுதிக்கு 3,000 ரூபாயும் நகரத்துக்கு 6,000 ரூபாயும் பதிவுக் கட்டணமாக இருந்தபோது எடுத்த உரிமம் இது.

எனக்கு வேண்டிய ஆளுக்கு வேர்டு தெரிய வேண்டாம். ஓர் அம்மா மகளின் சாதிச் சான்றிதழுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ‘செல்வி’, மாற்றுச் சான்றிதழில் ‘தமிழ்ச்செல்வி’, குடும்ப அட்டையில் தலைப்பெழுத்து வேறு. இதைக் கவனிக்காமல் விண்ணப்பத்தைப் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்பி வரும். அந்த அம்மாவுக்குக் கட்டணம் அறுபது ரூபாய் போனது சிறிய விஷயம்; மீண்டும் ஒரு நாள் கூலி போகும், மகளின் கல்லூரிச் சேர்க்கை தேதியும் போகலாம். முதல் பார்வையிலேயே மூன்று தாள்களையும் வரிசையாக மேசையில் வைத்து, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கதவிலக்கம் என்று விரல் வைத்து ஒப்பிடும் பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். இணையதளம் 200 கேபிக்குள் கேட்கும். அளவைக் குறைத்தால் முத்திரை படிக்க முடியாது. படிக்கும்படி வைத்தால் ஏறாது. கறுப்பு வெள்ளையில் எடுப்பதா, ஓரத்தை வெட்டுவதா, தெளிவை எவ்வளவு குறைப்பது என்று கைக்கு வர ஒரு மாதம் ஆகும். எந்தப் பயிற்சி மையமும் இதைக் கற்றுத்தந்து நான் பார்த்ததில்லை. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு என்ன போடுவது என்பதில் ஒரே வீட்டில் மூன்று விதம் இருக்கும். நமக்குச் சரியென்று படுவதைப் போடக் கூடாது, ஆவணத்தில் உள்ளதைப் போட வேண்டும். பட்டம் படித்த பெண்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கிறார்கள், தாமே திருத்திவிடுவார்கள்.

இன்னொன்று, வயல்வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. ஓய்வூதியம் எடுக்க வந்த பாட்டியிடம் எரிந்து விழாமல், ஈரத்துணியால் விரலைத் துடைத்து, வேறு விரலை வைக்கச் சொல்லி, பொறுமையாக நான்கு முறை முயல்கிற பெண்ணைத் தேடி மக்கள் அடுத்த ஊரிலிருந்தும் வருகிறார்கள். என்னிடம் இருக்கும் இருவரில் ஒருவர் பத்தாம் வகுப்பு தவறியவர். அவர் விடுப்பு எடுத்தால் கூட்டம் பாதியாகிவிடுகிறது.

மன்னை அரவை:

அரிசி ஆலைக் கணக்கர். வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வேண்டுமென்று எழுதுகிறேன். எங்களைப் போன்ற ஆலைகளுக்கு எடைமேடை ரசீது போடவும், டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றவும், ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கணக்கைத் திரட்டவும் ஆள் வேண்டும். 2022 ஜூலை 18-இல் 25 கிலோ வரையிலான, பொதியிட்டு முத்திரை ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்த பிறகு, பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. எந்த மூட்டைக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பட்டியல் போடத் தெரியாதவரால் எங்களுக்கு நட்டம்தான். டேலி சான்றிதழோடு வருபவர்களில் பாதிப்பேருக்குப் பற்று எது வரவு எது என்றே தெரியாது; பொத்தான்களை மட்டும் கற்றிருக்கிறார்கள்.

பெண்களை ஏன் எடுப்பதில்லை என்றால், உண்மையைச் சொல்கிறேன், அறுவடை மாதங்களில் லாரி இரவு பத்து மணிக்கும் வரும். அத்தோடு பெரும்பாலான ஆலைகளில் பெண்களுக்கான கழிப்பறை கிடையாது. எங்கள் முதலாளியிடம் இதை நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். பகலுக்கு ஒரு பெண், இரவுக்கு ஓர் ஆண் என்று பிரிக்கலாம் என்று இந்த ஆண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். கழிப்பறைக்கு இன்னும் செங்கல் இறங்கவில்லை.

தொழிற்பயிற்சி:

சுருக்கமாக ஒரு தகவல். பத்தாம் வகுப்பு முடித்தவர்களை அரசு ஐ.டி.ஐ.க்கு அனுப்பலாம். கணினி இயக்குபவர் பிரிவு, கோபா என்பார்கள், ஓராண்டுப் படிப்பு. பல அரசு நிலையங்களில் உண்டு. பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். முப்பத்தெட்டு வயதில் மகளோடு சேர்ந்து விண்ணப்பித்தவரை எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமும் இலவசமாகப் பயிற்சி தருகிறது. அடுத்து என்ன பயிற்சி என்பதை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மன்னை அரவை ஐயா பற்று வரவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் போன மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்பு படித்தவர், ஒன்பது ஆண்டுகளாகத் தம் குழுவின் கணக்கை நீள நோட்டில் எழுதி வருகிறவர். அவர்களுடைய சேமிப்புப் பதிவையே எக்செல் தாளில் ஏற்றிக் கூட்டல் வாய்பாட்டைப் போட்டுக் காட்டினேன். திரையைச் சற்று நேரம் பார்த்தார். உதடு அசைந்தது, கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. “எரநூறு கொறையுது டீச்சர். கடைசி வீட்டுக்காரி காசு எங்க?” என்றார். பார்த்தால், வாய்பாட்டில் கடைசி வரிசையை நான் சேர்க்கவில்லை. இரண்டு வருடமாக அதே மாதிரித் தாளை வைத்து எல்லா அணிக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன், பட்டதாரிகள் உட்பட எவரும் கேட்டதில்லை. அந்த அம்மாவை ஆலைக்கு அனுப்ப முடியாது, அவருக்கு மாடு இருக்கிறது. ஆனால் கணக்கு வகுப்பை அவரைக் கொண்டுதான் இனித் தொடங்கப் போகிறேன்: முதலில் நோட்டு, பிறகு எக்செல், பிறகு டேலி.

இந்த இழையைப் படித்தபின், சில மாற்றங்களை முடிவு செய்திருக்கிறேன். பவர்பாயிண்டையும் பெயிண்டையும் எடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதையும் விடுகிறேன். சேரும் நாளிலேயே, பத்து கிலோமீட்டருக்குள் யார் என்ன வேலை தருகிறார்கள் என்ற பட்டியலை முன்வைத்து, எதை நோக்கிப் படிப்பது என்று அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். சேவை மையத்து அக்கா ஒப்புக்கொண்டால், பெயர்களை மறைத்த பழைய விண்ணப்பங்கள் பத்து இருபது கொடுங்கள். அவற்றை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி நடத்தலாம். பணித்தளம் தங்கை சொன்ன தன்விவரக் குறிப்பு வகுப்பை அவரே ஒரு நாள் வந்து நடத்தித் தர வேண்டும். பேருந்துக்குக் காசு வேண்டாம், சாப்பாடு என் வீட்டில்.

காலத்தையும் மாற்றுகிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் எங்களுக்கு வகுப்பு இல்லை. நாற்று பறிக்கப் போய்விடுவார்கள். 2024-இல் அணை ஜூலை இறுதியில்தான் திறந்தது. அந்த ஆறு வாரம் வகுப்பு நிரம்பி வழிந்தது, அதை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் கூலி இல்லாததால் வந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் எங்கள் கட்டடமே நிவாரண முகாம். எனவே சம்பா அறுவடை முடிந்து, மாசி நடுவில் தொடங்கி வைகாசி வரை, காலை பத்தே காலிலிருந்து ஒரு மணி வரை. அங்கன்வாடி நேரத்துக்குள் முடிந்துவிடும், பத்து மணிப் பேருந்தும் கிடைக்கும்.

தட்டச்சுதான் எனக்குப் பெரிய குழப்பம். எனக்கே தமிழ்99 தெரியாது. கைபேசியில் அடிப்பது போல ஆங்கில எழுத்தை வைத்துத்தான் இந்தப் பதிவையும் அடிக்கிறேன். ஐயா, எதிலிருந்து தொடங்குவது?

குடந்தைத் தட்டச்சு:

தேர்வு எழுதப் போகிறவர்களைத் தனியாக எடுத்து இயந்திர முறையில் போடுங்கள்; அவர்களை வாரம் இரு நாள் அருகிலுள்ள பயிலகத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது, பிப்ரவரி-ஆகஸ்டு தேர்வுக் காலத்தை ஒட்டிச் சேர்த்தால் கட்டணம் வீணாகாது. மற்றவர்களுக்குத் தமிழ்99. நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், ஆசிரியை தடுமாறுவதைப் பார்த்தால் அவர்களுக்குப் பயம் போகும்.

என்னிடம் பயன்படுத்தாத விசைப்பலகைகள் ஐந்து இருக்கின்றன. தமிழ்99 எழுத்து ஒட்டிகளும் ஒரு கட்டு உண்டு. ஒன்றில் மட்டும் ‘ஞ’ விசை சற்று அழுத்த வேண்டும். வியாழன் காலை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மன்னார்குடிக்கு வருகிறார். நீடாமங்கலம் பேருந்து நிலையத்தில் யாரேனும் நின்றால் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:

நானே நிற்கிறேன் ஐயா. எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.